அரைப் பக்க வாக்குமூலம்

1

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்டது அரைப் பக்க வாக்குமூலம். பதினொரு நாளாகிவிட்டது. அதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இந்தக் கதைதான் வந்தது. கதை என்றால் பெயர்களை மாற்றலாம், கொஞ்சம் தள்ளி நின்று பேசலாம். அந்த வசதிக்காகத்தான் ஆரம்பித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவன். ஏழெட்டுக் கதைகள் அச்சில் வந்திருக்கின்றன.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் தாணுலிங்கம்...'

பனி இல்லை. நல்ல வெளிச்சம். அடித்துவிட்டேன்.

2

தாணுலிங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. கீரிப்பாறைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். தினமும் காலையில் நெற்றியில் நாமத்தோடு கால்வாயை ஒட்டிய சானல்கரை வழியே, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்கு நடந்து போவார். காது நன்றாகக் கேட்கும். (முதல் படியில் அவரைச் செவிடராக எழுதியிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் ஆறுதல்.)

கரை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை: மோட்டார் வாகனங்கள் செல்லக் கூடாது. சைக்கிள் போகலாம். அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரீனா டீச்சர் வந்தது பேட்டரி சைக்கிளில். சத்தமே கிடையாது. வளைவில் பின்னாலிருந்து மோதியது. தாணுலிங்கத்தின் தலை படித்துறைக் கல்லில் அடிபட்டது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டீச்சருக்குத் தோளெலும்பு முறிவு.

3

இங்கே கதை நின்று கட்டுரை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாத, சிறிய மோட்டார் வைத்த சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். தாண்டினால் அது மோட்டார் வாகனம். டீச்சர் வாங்கிய சைக்கிளில் வேகத்தைப் பிடித்துவைக்க ஒரு மெல்லிய வயர் உண்டு. அதை வெட்டிவிட்டால் நாற்பதில் பறக்கும்.

தாணுலிங்கத்தைக் கொன்றது சைக்கிளா, மோட்டார் வண்டியா? ஒரு விரல்நீள வயர்தான் சாட்சி. சோதித்தார்கள். வெட்டியிருந்தது.

4

வெட்டியவன் குலசேகரத்தில் கடை வைத்திருக்கும் அனில்குமார். அவன் அதை மறுக்கவில்லை. "டீச்சர் கேட்டாவ, நான் வெட்டினேன்" என்கிறான்.

"எனக்கு வயரப்பத்தி ஒண்ணும் தெரியாது சார். வண்டி ஊருகுன்னு மட்டும்தான் சொன்னேன்" என்கிறார் பிரீனா.

அன்று கடையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர்

இந்த வாக்கியத்தை ஆறு முறை பாதியில் விட்டேன். நான்தான்.

5

என் பேட்டரி சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றப் போயிருந்தேன். பிரீனா வியர்த்து வழிய வந்தார்.

"அனிலண்ணே, எவ்வளவு முறுக்கினாலும் ஊருகு. இன்னைக்கும் ஸ்கூலுக்குப் பிந்திட்டேன். இன்னொரு தடவ பிந்தினா வேலைய விட்டு நின்னுக்கிடச் சொல்லியாச்சு."

"டீச்சரே, இதுக்கு இவ்வளவுதான் வேகம். கெவர்மெண்டு வச்ச கணக்கு."

அதோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் மக்கா, எனக்குச் செஞ்சு தந்தியே, அதுபோல டீச்சருக்கும் செய்யி. ஒரு வயருதானே? இங்க யாரு பாக்கப்போறா?"

பிரீனா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் ஆவாதா சாரே?"

"ஒண்ணும் ஆவாது."

(இந்த இரண்டு சொல்லை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.)

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அனில்குமார் சிறைக்குப் போகிறான். ஒன்றில் பிரீனா. (அவருக்கு வேலை ஏற்கெனவே போய்விட்டது. வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்வி.) மற்றொன்றில் வழக்கு இழுத்து இழுத்து ஓய்ந்துபோகிறது.

மூன்றிலும் கடையில் இரண்டு பேர்தான்.

7

நேற்று மாலை தாணுலிங்கத்தின் மனைவி பகவதியின் வீட்டுக்குப் போனேன். கணவருடைய தலைப்பாகைத் துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒங்க வண்டியிலயும் அத வெட்டித்தான் கெடக்கா?"

"ஆமா."

"இப்பம் அதுலதான் வந்தியளா?"

வாசலில் நின்றது. அவருக்கும் தெரிந்தது.

"இத எங்கிட்டச் சொல்லி எனக்கு என்ன சாரே? அங்க போய்ச் சொல்லுங்க."

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன், காவல் நிலைய வாசல்வரை. சட்டைப்பையில் வெள்ளைத்தாள் இருந்தது.

உள்ளே போனேனா என்று கேட்பீர்கள். அதை எழுத மாட்டேன். எழுதினால், போனதாகத்தான் எழுதுவேன்.