கரி வண்டிக்காரருக்கு ஒரு ரயில்

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் இருக்கிறவர்களும் உள்ளே நகர்ந்து உட்காருங்க. என் குரல் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் போவதில்லை. புருஷன் வீட்டில் இருப்பதைத் தாங்க முடியாமல், அவருக்கு ஒரு ரயில் கொடுங்கள் என்று கேட்கப் போனாளே ஒருத்தி, அவள் கதையைச் சொல்லப் போகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

அவள் புருஷன் கரி வண்டி டிரைவர். சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் சரக்கு ரயிலைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டினவர். தெருவுக்கே அவர் கரியண்ணன்; அதனால் அவள் கரியண்ணி. அவர் சேர்ந்தாற்போல் ரெண்டு நாள் வீட்டில் இருந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். மகள் பிறந்த சேதியைக் கூட ஏதோ ஒரு சிக்னல் கம்பத்தடியில் வண்டியோடு நிற்கும்போதுதான் கேள்விப்பட்டார்.

காலம் மாறிற்று. மேட்டில் காற்றாலைகள் சுழன்றன, கூரைக்குக் கூரை சூரியத் தகடு ஏறிற்று. மின்நிலையத்தில் ஒரு புகைபோக்கி ஓய்ந்தது, பிறகு இன்னொன்று. ஓயாமல் வந்துகொண்டிருந்த கரி வண்டி வாரத்துக்கு ஒன்றாகி, அதுவும் பாதிப் பெட்டி காலியாக வந்தது. ஜன்னலைத் துடைத்த துணி கறுக்காமல் கைக்குத் திரும்பி வந்ததில் தெருவுக்கே சந்தோஷம். கரியண்ணிக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. புருஷன்தான்.

பழகின கை சும்மா இருக்குமா? அடுக்களைக்குள் நுழைந்து பாத்திரங்களை ஒரே வரிசையில் நிறுத்தினார், கனமானது முன்னே, லேசானது பின்னே. உப்பு எங்கே என்று கேட்டால் "பின்னாலிருந்து மூணாவது" என்பார். பால் பொங்குவதற்கு வெகு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுவார்.

"கொதிக்கவே இல்லையேங்க."

"கடைசி நேரத்தில நிறுத்தினா நிக்காது. தூரத்திலேயே பிடிக்கணும்."

"இது பால். கரி இல்லை."

"எதுவானாலும் பாரம் பாரம்தான்."

அவள் கடைக்குக் கிளம்பினால் முன்னால் போய்த் தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்து "லைன் கிளியர்" என்பார். எதிர் வீட்டுப் பெண்கள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொள்வார்கள். பொறுத்துப் பார்த்தாள், ஒரு நாள் ஸ்டேஷனுக்கே போய்விட்டாள்.

அங்கே டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவர் முன்பு கரியண்ணனுக்கு உதவி டிரைவராக இருந்தவர்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு ஒரு ரயில் குடுங்க."

"எந்த ரயில் அண்ணி?"

"எதுவானாலும் சரி. ரொம்ப நேரம் ஓடுற ரயிலா இருந்தா நல்லது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறிற்று. "கரி வண்டி இனிமே இல்லை அண்ணி. அண்ணன் பாசஞ்சர் வண்டியை ஓட்டிக் காட்டணும். தேறினா காலையில போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். தேறலைன்னா எல்லைக் கோடியில இரும்புத் தாது ஏத்துற டிப்போ. அங்கேயே தங்கணும். எப்பவாவது லீவு கிடைக்கும்."

போகும்போது இருந்த கோபம் திரும்பும்போது இல்லை. இந்த மனுஷன் தொல்லைதான். ஆனாலும் சாயங்காலத்தில் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, தண்டவாளத்தோரம் தினமும் வண்டிக்காகக் காத்திருந்த நரியைப் பற்றிச் சொல்கிற மனுஷன். இத்தனை வருஷத்தில் சிரிக்காததை எல்லாம் இந்தச் சில மாதத்தில் அவள் சிரித்திருந்தாள். இப்போதுதான் கைக்கு வந்தவரை மறுபடியும் அனுப்புவதா?

முதல் சோதனை ஓட்டம். பக்கத்தில் சோதிக்க வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர். கரி நிறைந்த வண்டிக்கு வெகு தூரத்திலிருந்தே பிரேக் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போனது. இன்ஜினும் முதல் பெட்டியும்தான் பிளாட்பாரத்தைத் தொட்டன. மற்றப் பெட்டிகளில் இருந்த பயணிகள் தண்டவாளத்து ஜல்லியில் இறங்கி நடந்தார்கள்.

"டிரைவர் சார், மிச்ச தூரத்துக்கு பஸ் உண்டா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

மறுநாள் அந்த வெட்கத்தில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தார். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டியே போய் நின்றது. "நேத்து எட்டலை, இன்னிக்கு மிஞ்சிடுச்சு" என்றார் அதே கிழவர். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு தடவை. அதோட சரி" என்றார்.

அன்று கரியண்ணன் சாப்பிடவில்லை. "என் பெட்டியைக் கட்டிடு" என்றார்.

"பெட்டி கிடக்கட்டும். கரி வண்டியை எப்படி நிறுத்துவீங்க?"

"பாரம் பின்னாலிருந்து தள்ளும். எப்போ பிடிக்கணும்னு முதுகுக்குத் தெரியும்."

"இப்போ?"

"முதுகுக்குப் பின்னால யாருமே இல்லாத மாதிரி இருக்கு. இந்த ஜனங்களுக்கு எடையே இல்லை."

"அப்போ முதுகை விடுங்க, முன்னால பாருங்க. இன்ஜின் நிக்கவேண்டிய இடத்தில நாளைக்கு நான் நிக்கிறேன்."

"அங்கே பலகை வெச்சிருக்காங்களே."

"பலகை உங்களைத் திட்டுமா?"

அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். தட்டை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். வண்டி வளைவில் திரும்பியது. வேகம் குறைந்தது. அடக் கடவுளே, இப்போதே பிரேக் பிடித்துவிட்டாரா என்று குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். இல்லை, வருகிறது. இன்னும் வருகிறது. அவள் கால் நகரவில்லை. இன்ஜின் ஜன்னல் அவள் முகத்துக்கு நேரே வந்து, மெத்தையில் உட்காருவது போல நின்றது. வண்டி நெடுகக் கதவுகள் திறந்தன. எல்லாரும் பிளாட்பாரத்தில்தான் இறங்கினார்கள்.

"ஜல்லியில நடக்கணும்னு பழைய செருப்பைப் போட்டுட்டு வந்தேனே" என்று குறைப்பட்டுக்கொண்டே போனார் அந்தக் கிழவர்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"இவரு சம்சாரம்."

"இங்கே என்ன வேலை?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அவர் கரியண்ணனைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "நாளையிலிருந்து வராதீங்கம்மா. டியூட்டி முடிஞ்சதும் இவரே வந்துடுவாரு, தினமும்."

கரியண்ணன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று பிற்பாடு சாதித்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் அவள். பிறகு ஓரடி கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "காலையில கட்டாயம் கிளம்பிடுவாரு இல்ல?"

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

போய் வாங்க, என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் வெளியே போனவர்கள் பொழுதோடு திரும்பட்டும். திரும்பி வருகிறவர்களைக் கேலி செய்ய வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும். அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருங்க.