டெய்லரக்காவின் வயிற்றெரிச்சல்

புருஷன் ஆண்டவரிடம் வந்துவிட்டால் பெண்டாட்டிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது? டெய்லரக்காவிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கிள்ளி, "அக்கா, உங்க கண்ணீர் வீண்போகல" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்த முகமாக நின்றாள். உள்ளே வயிறு எரிந்தது. நெஞ்செரிச்சல் இல்லை, அசல் வயிற்றெரிச்சல்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை அவளுக்கு. ஒரு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, வாசலில் "ஜிப் மாற்றித் தரப்படும்" என்று ஒரு போர்டு. மற்றபடி சபைதான் அவளுக்கு எல்லாம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். நடக்கத் தெரியும் முன்பே பாடத் தெரிந்தவள். ஜெபம் பண்ண ஆரம்பித்தாளானால் சலித்த மாவு மாதிரி வார்த்தை பொலபொலவென்று விழும், கேட்கிற பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். பாஸ்டரே தனக்கு உடம்பு சரியில்லை என்றால் "டெய்லரக்காவை ஜெபிக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்புவார்.

இவ்வளவு இருந்து என்ன? அவளுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. பச்சையாகச் சொல்லப்போனால் ஒன்றுமே இல்லை. எல்லாரும் "ஆண்டவர் என்னோட பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது அவளும் தலையாட்டுவாள், ஆனால் அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவளும் தேடாமல் இல்லை. உபவாசம் இருந்து பார்த்தாள், பசித்தது. அதிகாலையில் எழுந்து பார்த்தாள், தூக்கம் வந்தது. கடையில் வேலை ஓய்ந்த மத்தியானங்களில் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு யாராவது பிளவுஸ் வாங்க வருவார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

புருஷன் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் சபை வாசலைத் தாண்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "உள்ள வாங்களேன்" என்றால், "நீ ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டுட்டு வா" என்பான். அவனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூட்டத்தில் அவள் உருகி உருகி ஜெபிப்பாள். புருஷனுக்காக ஜெபிக்கிற பெண்டாட்டி என்று சபையில் அவளுக்கு ஒரு தனி மரியாதையே இருந்தது.

அப்படியிருக்கையில் சபை ஹாலில் ஏசி கெட்டுப்போயிற்று. காசு வேண்டாம், நம்ம வேலைதானே என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் ஏணியும் ஸ்பேனருமாகப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கைகூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னங்க, ஷாக் அடிச்சிடுச்சா?"

"இல்ல. ஏணி மேல உட்கார்ந்து ஃபில்டரைக் கழட்டிட்டு இருந்தேன். ஹால்ல ஈ காக்கா இல்ல. திடீர்னு யாரோ இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"வாட்ச்மேனா இருக்கும்."

"அவர் சாப்பிடப் போயிருந்தார். பயமா இல்ல. என்னை ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல வந்து நின்ன மாதிரி. ஸ்பேனரைக் கீழ போட்டுட்டு அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேட்காத, தெரியல." கழுவாத கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ சொல்வியே, அந்த ஆள்தான்னு நினைக்கிறேன்."

"ஸ்தோத்திரம்" என்றாள் அவள். வேறு என்ன சொல்வாள்? வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, மனசு அடுப்படிக்குப் போய் அங்கே கத்தியது. எந்த ஹாலில்? அவள் சனிக்கிழமைதோறும் ஃபினாயில் ஊற்றி, முட்டி தேயத் தேயத் துடைக்கிற ஹாலில்! அத்தனை வருஷத்தில் ஒரு சனிக்கிழமையாவது யாராவது வந்து பக்கத்தில் நின்றார்களா? "பாவம், தனியா துடைக்கிறாளே" என்று எட்டிப் பார்த்தார்களா? இவர் ஒரு தடவை ஸ்பேனரோடு போனாராம், உடனே அவர் வந்து நின்றாராம். அடேயப்பா! இது என்ன நியாயம்?

அடுத்த சனிக்கிழமை அவள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஹாலைத் துடைத்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து ஏணியை இழுத்து வந்தாள். அதே ஏசிக்கு நேர்கீழே போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அவன் உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். காத்திருந்தாள். பின்கழுத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. வந்துவிட்டார் என்றே நினைத்தாள் பாவம். தரை காயட்டும் என்று அவளே போட்டுவிட்ட ஏசியின் காற்று. புருஷன் ரிப்பேரை நன்றாகத்தான் செய்திருந்தான். தும்மல் வந்தது, தும்மல் சத்தத்துக்கு வாட்ச்மேன் வந்தான்.

"என்னக்கா, ஒட்டடையா?"

"ஆமா, ஒட்டடை" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மெக்கானிக்குக்கோ நாளுக்கு நாள் பக்தி ஏறிக்கொண்டே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் அவனைத் தேடினார். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஞானஸ்நானம் வேண்டும் என்று தானாகப் போய்ப் பாஸ்டரைக் கேட்டான். காலையில் டீ போடும்போது தனியாகப் பேச ஆரம்பித்தான். டெய்லரக்கா கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டாள். புருஷன் வேறொருத்தியோடு போனில் பேசினால் எப்படி நின்று கேட்பார்களோ, அப்படித்தான் நின்றாள்.

"...முழங்கால் இன்னைக்குப் பரவாயில்ல. அந்த ரெண்டாவது மாடி வீட்டுக்காரர் கொஞ்சம் கடுகடுன்னு பேசுவார், எனக்குக் கோபம் வராமப் பாத்துக்கங்க." பிறகு சிரித்தான். என்னத்துக்குச் சிரித்தான்? அந்தப் பக்கம் அப்படி என்ன சொன்னார்கள்? அவளிடம் அவன் இப்படிச் சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்று! சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் போய் மயிரைப் பிடித்து ஆய்ந்துவிட்டு வரலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் ஆண்டவரை என் புருஷன் பறித்துக்கொண்டான் என்றா? என் புருஷனை ஆண்டவர் பறித்துக்கொண்டார் என்றா? இரண்டு பக்கமும் தனக்கே நஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் டீயோடு வெளியே வந்து அவளைப் பார்த்தான். ஒட்டுக்கேட்டதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை. "நல்லவேளை, நீ இங்கதான் இருக்கியா? ஒரு சந்தேகம். பேசும்போது எனக்கு அவர் எப்பவும் இடது பக்கம் இருக்கிற மாதிரியே இருக்கு. உனக்கு எந்தப் பக்கம்?"

அவன் கேலி பண்ணவில்லை. வேலையில் சேர்ந்த புதுசில் சீனியரிடம் கேட்பார்களே, அந்த மரியாதையோடு கேட்டான்.

"எனக்கு எல்லாப் பக்கமும்" என்றாள் டெய்லரக்கா.

"அப்படியா!" என்று அசந்துபோனான். "நானும் போகப் போக அப்படி ஆயிடுவேன் இல்ல?"

அன்று அவள் கடையில் ஒரு நல்ல துணியைத் தப்பாக வெட்டினாள். பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அவன் அதை நம்பினானே, அதுதான் தாங்கவில்லை. அவளைவிட நன்றாகத் தெரிந்தவன் அவளிடம் வந்து பாடம் கேட்கிறான். தான் சும்மா வெறும் டப்பா என்று தெரிந்துகொண்டே தலையாட்டுகிறாள். செத்துப்போகும்வரை இப்படியே நடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பரலோகத்தில் போய் நின்றால், அவர் "நீ யாரம்மா?" என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயம் ரொம்ப நாளாகவே உண்டு. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் அவர் கிடைத்துவிட்டவனாக உலாத்துவதைப் பார்க்கப் பார்க்க, பயம் எரிச்சலாக மாறிவிட்டது.

இனி அந்த அங்கி விஷயம். ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கு வெள்ளை அங்கி தைத்துத் தருவது டெய்லரக்காதான். மேடைக்குப் பின்னால் மார்பளவுத் தண்ணீரோடு ஒரு தொட்டி. அதில் இறங்கினால் தொளதொள அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும். முன்பு ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகி, வெட்கத்தில் அவள் அழுதே விட்டாள். அதற்குப் பிறகு டெய்லரக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். திரைச்சீலை நேராகத் தொங்குவதற்கு வைக்கிற சின்ன ஈயக் குண்டுகளைக் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவாள். அங்கி அடங்கி நிற்கும். இதுவரை ஒரு அங்கிக்கும் அவள் வைக்காமல் விட்டதில்லை.

புருஷனுடைய அங்கிக்கு வைக்கவில்லை. மறதியா? மறதியாவது மண்ணாவது! குண்டு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மடிப்பைத் தைத்து நூலைக் கடித்து அறுத்தாள். 'எல்லாரும் பார்க்கட்டும், ரொம்பத்தான் துள்ளுகிறார்' என்று நினைத்தாள். நினைத்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. மெக்கானிக் தொட்டியில் இறங்கினான். இடுப்பு நனைந்தவுடனேயே அங்கி சுற்றிலும் உப்பிக்கொண்டு மேலே வந்தது. ஒரு கையால் முன்பக்கத்தை அமுக்கினால் பின்பக்கம் எழும்பியது. பின்பக்கத்தை அமுக்கினால் முன்பக்கம். பாஸ்டரும் ஒரு கையால் அமுக்கிப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அப்புறம் ஹாலே சிரித்தது. எல்லாருக்கும் மேலே மெக்கானிக் சிரித்தான். முங்கி எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே, அழுதுகொண்டே, சிரித்தான். சிரித்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டெய்லரக்கா அப்படி ஒரு முகத்தை அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. அவமானப்படுத்தப் பார்த்தாள், அவனுக்கு அதுவும் சந்தோஷமாகவே போய்விட்டது. அவளுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

பக்கத்து அறையில் துண்டோடு நின்றாள். அவன் சொட்டச் சொட்ட வந்தான்.

"குண்டு வைக்க மறந்துட்டியா? எனக்கு நீச்சல் தெரியாதுன்னு மிதக்க விட்டுட்டியோன்னு நினைச்சேன்."

"மறக்கல. வேணும்னே வைக்கல."

அவன் தலையைத் துவட்டுவதை நிறுத்தினான். "ஏன்?"

"பொறாமை." சொன்ன பிறகு நிற்கவில்லை, கொட்டிவிட்டது. "உங்க மேல பொறாமை. அவர் மேலயும். வருஷக்கணக்கா அந்த ஹாலைத் துடைக்கிறேன், எனக்கு ஒருத்தரும் வந்து நிக்கல. ஏணி போட்டு ஏறிக்கூட உட்கார்ந்து பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருக்கார்னு சொன்னேனே, பொய். எனக்கு ஒரு பக்கமும் இல்ல."

மெக்கானிக்குக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். "அப்ப இத்தனை நாளா எனக்காக யார்கிட்ட ஜெபம் பண்ணின?"

"தெரியலங்க" என்றாள்.

அதற்குள் வெளியே பாட்டு முடிந்துவிட்டது. பாஸ்டர் மைக்கில் கூப்பிட்டார். "இன்னைக்கு முதல் தடவையா ஆண்டவரைத் தேடி வர விரும்புறவங்க யாராவது இருந்தா, முன்னால வாங்க." அப்படி வருகிற பெண்களுக்குப் பின்னால் போய் நின்று, தோளில் கைவைத்து ஜெபிப்பது டெய்லரக்காவின் வேலை. அவள் புருஷனை அங்கேயே விட்டுவிட்டு ஹாலுக்குள் வந்தாள். நேராக முன்னால் நடந்தாள்.

பாஸ்டரம்மா ஓரமாக வந்து காதோடு சொன்னாள். "அக்கா, அவசரப்படாதீங்க. இன்னும் யாரும் வரல."

"வந்தாச்சு."

பாஸ்டரம்மா அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாரு? காணோமே?"

"நான்தான்."

பாஸ்டரம்மா சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பாஸ்டர் மைக்கை இறக்கினார். பின்வரிசைகளில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. வந்தவளுக்குப் பின்னால் போய் யார் நிற்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அது அவள் வேலையாயிற்றே.

டெய்லரக்கா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முட்டி போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் தடையில்லாமல் கொட்டுகிற வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் காணோம். சண்டைக்கு நிற்கிற குரலில், முன்வரிசைக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்கல்ல? எனக்கும் வேணும். அவருக்கு முன்னாடியே கேட்டவ நான்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. பதில் வராமல் எழுந்திருப்பதாகவும் இல்லை.