ஆர்டன் காலி செய்த இடம்

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த மறுவாரமே ஆர்டன் தோர்ஸ்ருட் மாநில செனட் பதவியை ராஜினாமா செய்தார். மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில் பத்தொன்பது வருடம் அவரிடம் இருந்த தொகுதி அது. பிப்ரவரியில் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். அதுவரை அவர் இருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், கட்சிக்கு நான்தான் தலைவன். தினமும் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். கண்ணை மூடிக் கிடப்பவர் என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வார்.

"வாடா லோவெல். யாரை நிறுத்தப் போறீங்க?"

"டீச்சர் மார்டா நிக்கறேங்கறாங்க."

"நல்ல பொம்பளைதான். ஆனா ஹேகன் ஊர்ல தேறாது. கிழங்கு விவசாயிங்க மொத்தமும் அந்தப் பக்கம் சாஞ்சுருவாங்க. முந்நூறு ஓட்டுல தோப்போம், எழுதி வச்சுக்கோ."

"முந்நூறா? பனி கொட்டுச்சுன்னா அவங்க ஆளுங்க வெளிய வரமாட்டாங்க."

"போடா, நம்ம கிழடுங்க மட்டும் பனிச்சறுக்கு வண்டில வருமாக்கும்!"

சிரிப்பார், சிரித்த வேகத்தில் இருமுவார். ஊர் ஊராக எண்ணிக்கொண்டே போவோம். ஐந்து மணி ஆகிவிடும். அப்புறம் மருந்து, உடனே தூக்கம்.

அவர் மகள் ரெனே பார்கோ நகரத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நாங்கள் பேசும்போதெல்லாம் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை என் கார் வரைக்கும் கூடவே வந்தாள். கோட்டுகூடப் போடவில்லை.

"லோவெல், நாளைக்கு வராதீங்க. ஒரே ஒரு நாள்."

"ஏம்மா, ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"அப்பா ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம்தான் முழிச்சிருக்காரு. அந்த ரெண்டு மணி நேரமும் உங்ககிட்ட போயிடுது."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆர்டனே போன் செய்தார். "எங்கடா இருக்கே?"

"கார் கிளம்ப மாட்டேங்குது ஆர்டன்." அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

சனிக்கிழமை அவர் கண் விழிக்கவில்லை. ஞாயிறு காலையில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் காபியுமாக நின்றார்கள். பக்கத்து கவுண்டிக்காரன் ஒருவன் என் தோளைத் தட்டி, "அனுதாப ஓட்டு எவ்வளவு தேறும்?" என்றான். அதற்குள் ரெனே என்னைக் கையசைத்து ஓரமாகக் கூப்பிட்டாள்.

ஒரு கவரின் பின்பக்கத்தைக் காட்டினாள். அவசரமாகக் கிறுக்கியிருந்தாள்: ஹேகன் நாற்பது, லண்ட் பதினெட்டு, நார்ட்பி பரவாயில்லை, ஏரிக்கரைக்காரர்களை நம்பாதே.

"வெள்ளிக்கிழமை இதைத்தான் சொல்லிட்டிருந்தாரு. நான் பேச்சை மாத்தி மாத்திப் பாத்தேன். மறுபடியும் இதுக்கே வந்துட்டாரு. எழுதிக்கோன்னாரு, எழுதினேன். இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஹேகன்ல நாற்பது ஓட்டு கம்மியா விழும்னு அர்த்தம். லண்ட்ல பதினெட்டு. நார்ட்பில சமமா வரும்."

"அவ்வளவுதானா? இதுல எனக்குன்னு ஏதாவது இருக்கா?"

ஆறுதலாக எதையாவது இட்டுக்கட்டியிருக்கலாம். நார்ட்பியில்தான் அவள் பிறந்தாள், அதையே ஒரு காரணமாக்கியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. வெறும் ஓட்டுக் கணக்கு."

"சரி" என்றாள். கவரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் காபி ஊற்றப் போனாள்.

பிப்ரவரியில் மார்டா இருநூற்றுத் தொண்ணூறு ஓட்டில் தோற்றார். அன்று மாலை கட்சி அலுவலகத்தில் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் தலைவர் பதவியையும் விட்டேன். ரெனேவுக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் முடிவு என்ன என்று கேட்கவில்லை.