இருமல் இல்லை என்றாள்

சமுத்திரத்தின் இடது காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவு கட்டி வந்தபோது, பல்வலி வீக்கம் என்றுதான் அவர் மனைவி மாரிக்கனி நினைத்தாள். ராஜபாளையத்துக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் ஓடும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் விசிலை வாயில் வைத்து ஊதினார். உதடு குவியவில்லை. காற்று இடப்பக்கமாகக் கசிந்து போனது. அந்தப் பக்கத்து முகம் செத்துப்போயிருந்தது.

எச்சில் சுரப்பியில் புற்றுநோய். மதுரையில் அறுத்து எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அது நுரையீரலில் ஆறு இடங்களில் முளைத்தது. கீமோவுக்கும் அசையவில்லை.

"உடம்போட எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்புற மருந்து இருக்கு. மூணு வாரத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ்ல ஏத்துவோம்," என்றார் மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் கல்பனா. "கூடவே பெரிய கட்டிக்கு மட்டும் குறிபார்த்து ரேடியேஷன். அது உடையும்போது மத்த கட்டிகளையும் உடம்பு அடையாளம் கண்டுக்கலாம். இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற முறைதான். உறுதியாச் சொல்ல முடியாது."

இன்னொன்றும் சொன்னார். அந்த மருந்து தட்டி எழுப்பும் சக்தி சிலருக்குச் சொந்த நுரையீரல் மேலேயே பாய்ந்துவிடும். இருமல் வந்தால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். மாரிக்கனி தலையாட்டினாள்.

மூன்று தடவை மருந்து ஏறிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ரேடியேஷன் பட்ட கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. கதிர் படாத இரண்டும் சிறுத்திருந்தன. சமுத்திரம் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். ஊர் வந்ததும், வறண்ட வாயில் கவளத்துக்கு ஒரு மடக்கு ரசம் குடித்தே ஒரு தட்டு சோற்றையும் தின்றார்.

மூன்று நாள் கழித்து வறட்டு இருமல் தொடங்கியது.

திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பாண்டீஸ்வரி போனில் விசாரிப்பாள். அன்று போன் அடித்ததும் சமுத்திரம் மாரிக்கனியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிராதட்டி. சொன்னா மருந்த நிப்பாட்டிருவாக. இப்பத்தான கொறையுது."

மூட முடியாத அவருடைய இடது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குறது ஏதாச்சும் இருக்காக்கா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்காக."

அவர் கேட்டதற்காக மட்டும் சொல்லவில்லை. மருந்து நிற்கக்கூடாது என்று அவளுக்கும் இருந்தது. அடுத்த திங்களும் அதையே சொன்னாள். நாலாவது ட்ரிப்ஸுக்குப் போனபோது வாயில் கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு டாக்டர் முன்னால் இருமலை அடக்கினார். மருந்து ஏறியது.

ஐந்தாம் நாள் குளியலறையிலிருந்து கட்டில்வரை அவரால் நடக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸில் மதுரைவரை படுக்காமல் அவள் தோளில் சாய்ந்தே வந்தார்.

"எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார் டாக்டர்.

"பதினெட்டு நாளு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஸ்டீராய்டு கொடுத்து உயிரைப் பிடித்து வைத்தார்கள். அந்த மருந்தை இனி ஒருபோதும் ஏற்ற முடியாது என்றார்கள். ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தார். சுருங்கிய கட்டிகளும் இரண்டு மாதத்தில் பழையபடி வளர்ந்தன.

ஒரு மத்தியானம் அவள் சொல்லிவிட்டாள்: "நான் சொல்லிருக்கணும்."

"நாந்தான... கையப் பிடிச்சேன்."

"கையத்தான பிடிச்சிய. வாயி என்னோடதுதான?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது கோபமா, வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐப்பசி மழை நாளொன்றில் இறந்துபோனார்.

காரியம் முடிந்ததும் மாரிக்கனி தனியாக மதுரைக்குப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மொத நாளே சொல்லிருந்தா பொழச்சிருப்பாகளாம்மா?"

கல்பனா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நோய் முழுசாப் போயிருக்கும்னு சொல்ல மாட்டேன். இருமல் ஆரம்பத்துலயே தெரிஞ்சா மருந்த நிறுத்தி, சரியானதும் சிலருக்கு மறுபடி ஆரம்பிப்போம். அவருக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது."

மாரிக்கனி எழுந்திருக்கவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சக்கர நாற்காலி வாசலில் வந்து நின்றது. அப்போதும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.