குதிரைமசாலும் ஒரு நீண்ட ஜெபமும்

றிச்சர்ட்டுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த அறுபத்தெட்டிலும் அவர் ஓரிடத்தில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மத்தியானம் தேறாது. கலியாணப் படத்தில் பெண்சாதி பியாட்றிஸ் தெளிவாக நிற்கிறா. பக்கத்தில் கோட்டுப் போட்ட புகை ஒன்று தெரிகிறது. அதுதான் மாப்பிள்ளை. நித்திரையிலும் கால் நடந்துகொண்டே இருப்பதால் அவர் படுக்கும் கட்டில் வருசத்துக்கு ஒரு சாண் கிழக்கே நகர்கிறது. நம்பாதவர்கள் சாவகச்சேரிக்குப் போய் அளந்து பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் மகள் ஹன்னா நல்லூரில் தன் வீட்டு மேல்மாடி அறையில் கொண்டுபோய் இருத்தப் பார்த்தாள். பியாட்றிஸும் சம்மதித்துவிட்டா. ஆறு மாடுகளுக்கும் பசுந்தீன் இல்லை. வைக்கோலையே தின்று அவை கறந்த பாலை வீட்டுப் பூனை மணந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டது. றிச்சர்ட் இரண்டு தரம் புல் வைத்தார். முதல் தரம் வெள்ளம் கொண்டுபோனது. அடுத்த தரம் அயல் காணி ஆடுகள்.

"இதுதான் கடைசி," என்றா பியாட்றிஸ். "இண்டைக்கு விதைக்கிறது அடுத்த சனிக்குள்ளை முளைக்கோணும். இல்லையெண்டால் ஹன்னா வான் கொண்டு வருவாள். மாடு கிளிநொச்சிக்கு, நாங்கள் நல்லூருக்கு."

அடுத்த சனிக்கு ஒன்பது நாள் இருந்தது. மாரி முடிந்து, தை மாத ஈரம் மண்ணில் இன்னும் நின்றது. கொழும்பிலிருந்து வந்த ஆறு கிலோ குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதைதான் கையிலிருந்தது. இன்னொரு பிடி எங்கும் கிடையாது. கமக்காரர் சங்கத்தின் விதைப்பு மெசினோ பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு, அடுத்து விதைக்க இருந்த பிலிப்புவின் முறை. உழவு மெசினுக்குப் பின்னால் ஒன்பது குழாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அது வந்து நின்றபோது பத்து மணி.

"அண்ணை, நேற்றுப் பயறு விதைச்ச அளவிலைதான் விதை விழுற வாய் கிடக்கு. உந்த விதை கடுகிலும் சின்னன். வாயைக் குறைப்பமோ?" என்று கேட்டான் ஓட்ட வந்த கெல்வின்.

"பிறகு பாப்பம். போதகர் வந்திட்டார். விதையைக் கொட்டு, கொட்டு!"

ஜெபம் செய்யாமல் அந்தக் குடும்பம் ஒரு வெண்டிக்காய் விதைகூட ஊன்றியதில்லை. விதை பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் ஜெபம். அதற்கு முன்னம் செய்தால் ஆசீர்வாதம் விதை விற்ற கடைக்காரனுக்குப் போய்விடும் என்பது பாட்டனார் கண்ட உண்மை. உழவு மெசினையும் நிற்பாட்டவில்லை. பற்றறி செத்துக் கிடந்தது. நிற்பாட்டினால் ஊரே தள்ள வேண்டும்.

"கண்ணைத் திறந்தியளெண்டால் பாருங்கோ," என்று பியாட்றிஸ் றிச்சர்ட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

பிறேம் போதகர் ஆதாமிலிருந்து தொடங்கினார். அந்தக் காணிக்காக ஜெபித்தார். ஆறு மாடுகளுக்கும் பெயர் சொல்லி ஜெபித்தார். அவற்றின் பூர்வீகமான ஜேர்சித் தீவுக்கும் அதன் துறைமுகத்துக்கும் ஜெபித்தார். அவர் நோவாவின் பேழையை அடைந்தபோது வேலியோரத்துப் பூவரசு புதுக் கொழுந்து விட்டிருந்தது.

றிச்சர்ட்டின் காதில் ஒரு சத்தம் கேட்டது. சர்ர்ர்.

ரயருக்குக் காற்றுப் போகிறது என்று நினைத்தார். கால் துடித்தது. வலது கண் தானாகத் திறக்கப் பார்த்தது. பியாட்றிஸின் நகம் உள்ளங்கையில் இறங்கியது. மூடிக்கொண்டார். இத்தனை வருசத்தில் முதல்தடவையாக ஒரு ஜெபம் முழுவதும் அசையாமல் நின்றார். ரயர் போனால் ஒட்டலாம், பெண்சாதியோடு சண்டை கொழுவக்கூடாது என்று மனதைத் தேற்றினார்.

"ஆமென்."

ஓடிப்போய் ரயரை உதைத்தார். கல்லுப்போல் இருந்தது.

"அண்ணை, ரயர் இல்லை. விதை," என்றான் கெல்வின்.

மெசின் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி, ஒன்பது குழாய்க்கும் கீழே ஒன்பது குவியல்கள், எறும்புப் புற்றுப்போல வரிசையாக. பெட்டிக்குள் துடைத்துவிட்ட வெறுமை.

"நான் பாத்தனான்," என்றார் போதகர்.

"ஐயா கண்ணைத் திறந்தனீங்களோ?"

"ஒருக்கால்தான். மெசின் தன்ரை பாட்டிலை விதைக்குது எண்டெல்லோ நினைச்சன்."

"நிண்ட இடத்திலையோ ஐயா?"

"நான் பட்டணத்தான், றிச்சர்ட்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னொருக்கா ஜெபிப்பமோ?"

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மணி பதினொன்றேகால். றிச்சர்ட் குவியல்களைச் சுற்றி ஓடினார். "சுளகு கொண்டு வா, மண்ணைப் புடைச்செடுக்க வேணும்! ஐயோ, நேரம் போகுது, நல்லூர் அறைக்குள்ளை என்னை இருத்தப் போறாள்!"

பியாட்றிஸ் கோயிலுக்குக் கட்டும் சேலையோடு மண்ணில் குந்தினா. விதையை மண்ணோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி வாளிக்குள் போட்டா.

"ஏன் புடைக்கிறியள்? மண்ணிலைதானே விதைக்கப் போறியள்? அப்பிடியே போடுங்கோ."

விதை ஒரு பங்கு, தென்மராட்சி மணல் நாலு பங்கு. கெல்வின் அந்தக் கலவையைப் பெட்டிக்குள் கொட்டி, குழாய்களை அரை விரற்கடை ஆழத்துக்கு உயர்த்தி, மெசினை விட்டான். பயறுக்குத் திறந்த வாயால் மணலும் விதையும் கூடிக்கொண்டு அளவாக இறங்கின. றிச்சர்ட் பின்னாலேயே ஓடினார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிசம் இருக்கக் கடைசிச் சாலும் முடிந்தது. வாசலில் பிலிப்பு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு எட்டு நாள். காணிக்குள் கால் வைக்கக்கூடாது என்று பியாட்றிஸ் சொல்லிவிட்டதால் றிச்சர்ட் வேலிக்கு வெளியே சுற்றினார். நாலாம் நாள் அங்கே ஒரு பாதை விழுந்தது. ஆறாம் நாள் அதில் சைக்கிள்கள் போய்வரத் தொடங்கின. ஏழாம் நாள் பியாட்றிஸ் இரண்டு சூட்கேசுகளையும் பூட்டி வாசலில் வைத்தா. எட்டாம் நாளும் மண் மண்ணாகவே கிடந்தது.

சனிக்கிழமை காலை வான் வந்தது. ஹன்னா இறங்கி, "அப்பா எங்கை?" என்று கேட்டுக்கொண்டே குதியுயர்ந்த செருப்போடு நேரே காணிக்குள் நடந்து வந்தாள். நடுவில் றிச்சர்ட்டும் பியாட்றிஸும் தரையோடு கன்னம் வைத்துக் கிடந்தார்கள்.

"காலை எடு!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

ஹன்னா ஒற்றைக்காலில் நின்றாள். "என்னப்பா? பாம்போ?"

"குனிஞ்சு பார் பிள்ளை."

நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. குனிந்து சாலோடு கண்ணை ஓட்டினால், நுளம்புச் செட்டை அளவில் இரண்டிரண்டு இலையாக, வேலிவரைக்கும் ஒன்பது ஒன்பதாகப் பச்சைக் கோடுகள்.

அவள் கனநேரம் பார்த்தாள். காலைத் தொங்கவிட்டபடி, "அப்ப நான் எப்பிடி வெளியிலை போறது?" என்று கேட்டாள்.

"வந்த அடியிலையே அடி வைச்சுப் போ," என்றா பியாட்றிஸ். "வான்காரனிட்டையும் சொல்லிவிடு, சூட்கேசை ஏத்தவேண்டாமெண்டு."

ஹன்னா பின்பக்கமாக, ஒவ்வோர் அடியாக, வானை நோக்கிப் போனாள்.