கிளிப் மாட்ட இடமில்லாத புத்தகம்

1

இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஓய்வூதியர் சங்கப் பத்திரிகை கோடை இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டது. குறைந்த விலையில் இ-ரீடரோ டேப்லெட்டோ வாங்கி, அதை நமக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி? ஆயிரத்து ஐந்நூறு சொல். நான் முப்பத்தொரு வருடம் சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிச் சம்பளம் வாங்கியவள். 'இப்போது மூடியை மூடவும்' என்று நான் எழுதினால் நார்வே முழுக்க மூடிகள் மூடும். அரை நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. வருகிற எரிச்சலை மறைக்கப்போவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நல்ல இ-ரீடரைத் தேர்ந்தெடுக்க நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, திரையின் அளவு. இரண்டாவது, என் தம்பி—"

இரண்டாவது விஷயத்திலேயே தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான். அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்:

"ஹாமார் நகரில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு மார்ச் காலையில்—"

மார்ச்சில் ஹாமாரில் வேறென்ன பெய்யும்? அதையும் அடித்தேன். சரி, தம்பியிலிருந்தே தொடங்குகிறேன். எண் போடும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஈஸ்டர் வந்தால் நாங்கள் மலைமேல் இருக்கும் மரக்குடிலுக்குப் போவோம். ஆரஞ்சுப் பழமும் துப்பறியும் நாவலும் கூடவே வரும். ஈஸ்டருக்குக் கொலைக்கதை படிப்பது நாட்டு வழக்கம். எங்கள் குடும்பத்துக்கு அதற்கு மேல் ஒரு விதி உண்டு. எல்லோரும் ஒரே நாவலைப் படிக்க வேண்டும், ஆளுக்கொரு பிரதி. புதன்கிழமை போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு பிரதியிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் துணி காயப்போடும் கிளிப்பால் பூட்டிவிடுவோம். சனிக்கிழமை மதியம் ஆட்டுக்கறி மேசைக்கு வருமுன் கொலையாளியின் பெயரைச் சீட்டில் எழுதிக் கிண்ணத்தில் போட வேண்டும். கிளிப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். முன்னாடியே கழற்றினால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரை யாரும் கழற்றியதில்லை.

என் தம்பி ஹால்வார் வாகன ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி மாவட்டத்தை ஃபெயில் ஆக்கியவன். சூப்பில் உப்பு குறைந்தாலும் 'ஃபெயில்' என்பான். இந்தக் கொலையாளிச் சீட்டுப் போட்டியில் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான்.

போன வருடம் அவன் மகள் இங்வில் சீட்டுகளைப் பிரித்துப் படித்தாள். அப்பாவின் சீட்டில் இருந்தது, மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போன தபால்காரியின் பெயர்.

"அப்பா, இந்த வருஷம் ஜோக் அடிக்கிறியா? பொணம் எழுந்து வந்து கொலை பண்ணுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹால்வாரும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நாளும் அவன் பக்கம் திருப்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் வைத்ததுபோல ஒரே இடைவெளியில் திருப்பினான். படிக்கிறவர்கள் அப்படித் திருப்புவதில்லை. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் முதுகுவலி என்று சொல்லிக் காரை விற்றிருந்தான்.

எங்கள் அப்பாவுக்கும் அந்தக் கண் நோய் இருந்தது. பார்க்கும் இடத்தின் நடு மறைந்துபோகும், ஓரம் மட்டும் மிஞ்சும்.

நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஜனம் இப்படித்தான். கேட்காமல் உதவினால் அவமானம், உதவி கேட்டால் அதைவிட அவமானம். கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி சிக்னே ஒலிப்புத்தகம் வாங்கித் தந்தபோது, "எனக்கு யாரும் கதை படிச்சுக் காட்ட வேணாம். நான் என்ன தொட்டில்லயா கெடக்கேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அதோடு பேச்சு முடிந்தது.

3

இனி கட்டுரை. [பத்திரிகை ஆசிரியரே, வந்துவிட்டேன்.]

முதலில் விலை குறைந்த டேப்லெட் ஒன்றை வாங்கினேன், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு குரோனர். வீட்டுக்குள் அழகாகத்தான் இருந்தது. பால்கனிக்கு எடுத்துப் போனேன். பனிமேல் வெயில் அடிக்க, திரையில் எழுத்துக்குப் பதிலாக என் மூக்குத் துவாரங்கள் தெரிந்தன. ஈஸ்டருக்கு நாங்கள் குடிலின் தெற்குச் சுவரில் சாய்ந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டுதான் படிப்போம். அங்கே இது வெறும் கண்ணாடி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெயிலிலும் காகிதம்போலத் தெரியும் இ-ரீடர் வேண்டும் என்றேன்.

கடைக்காரப் பெண் கேட்டாள்: "இ-ரீடர் யாருக்கு?"

"எனக்குத்தான். எழுத்து ரொம்பப் பெருசாகணும். பத்து அங்குலத் திரை வேணும். கையுறை போட்டுட்டுத் திருப்புற மாதிரி பக்கவாட்டுல பொத்தான் வேணும்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? அங்க நின்னே விலைச்சீட்டைப் படிச்சிட்டீங்களே."

"வயசாச்சுல்ல. எப்ப வேணா போகும். ரெண்டு குடு."

"ரெண்டா?"

ஆமாம், இரண்டு. ஒன்று மட்டும் கொடுத்தால் அது மருந்து. இரண்டு இருந்தால் அது வெறும் கருவி. நானும் அதிலேயே படித்தால் அவன் தனியாகத் தெரியமாட்டான். இதைத்தான் அன்று என் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.*

* இரண்டு கருவிகளையும் என் பெயரில் ஒரே கணக்கில் பதிந்தேன். புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் போதும் அல்லவா? கையேடு எழுதியவள் கையேட்டைப் படிக்கவில்லை. இந்த அடிக்குறிப்பை மறந்துவிடாதீர்கள்.

4

அமைப்பு. அவன் கண்ணைக் கேட்காமல் அவன் கண்ணுக்கு ஏற்ப எப்படி அமைப்பது? பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து, இரண்டு வில்லையின் நடுவிலும் வாசலின் களிம்பு தடவி மாட்டிக்கொண்டேன். அப்படியே சமையலறையில் நான்கு நாள் உட்கார்ந்தேன். வெண்ணெய் என்று நினைத்து, அதேபோல் கட்டியாக இருக்கும் ஈஸ்ட்டை ரொட்டியில் தடவித் தின்றதும் அந்த நாட்களில்தான்.

தெரிந்துகொண்டவை இவை. வால் வைத்த அலங்கார எழுத்து வேண்டாம், மொட்டை எழுத்தே மேல். தடிமன் முழுக்க ஏற்றினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முக்கால் போதும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே காற்று விடுங்கள். வரி இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஓர இடைவெளி பூஜ்யம். நேரம், பக்க எண், சதவீதம் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து, வாசலின் கண்ணாடி வழியாகத் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தேன். படிக்க முடிந்தது. ஒரு திரைக்குப் பதினோரு சொல். நாங்கள் சொற்களைக் கோத்துக் கோத்து ரயில்போல நீட்டுகிற ஜனம் என்பதால் சில திரைகளில் ஆறுதான். பதினோரு சொல்லுக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கி யார் நாவல் படிப்பார்கள்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அழுதேன், மறுபடி தடவிக்கொண்டேன்.

5

புதன்கிழமை குடிலில் இரண்டில் ஒன்றை அவனிடம் கொடுத்தேன்.

"ரெண்டு வாங்கினா விலை கம்மின்னாங்க. ஒண்ணு நீ வெச்சுக்கோ."

"எனக்கெதுக்கு? புத்தகம் இருக்கே."

"வெயில்ல நல்லாத் தெரியுது. நானும் இதுலதான் படிக்கப்போறேன்."

அவன் திறந்து பார்த்தான். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தான். நான் வாசலின் போட்டுக்கொண்டு சாய்த்த அதே சாய்ப்பு.

"தூருன், எழுத்து என்ன இவ்ளோ பெருசு? யானைக்கா வாங்கின?"

"எனக்கு வயசாயிடுச்சுடா."

"ம்." கருவியின் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல கிளிப் எங்க மாட்டுறது?"

"இடமில்ல. உன்னை நம்புறேன்."

[இங்கே சிக்னேயைக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்கு வேலையே இல்லை, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் எழுதும்போதுதான் கவனிக்கிறேன். எங்களுக்குத் தட்டில் வைத்தாள். அவனுக்கு மட்டும் சுளையைக் கையிலேயே கொடுத்தாள். ஆகவே அவள் இருக்கட்டும்.]

வியாழன் முழுக்க அவன் சுவரில் சாய்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். இந்த முறை இடைவெளி சீராக இல்லை. சில திரைகளில் வெகுநேரம் நின்றான், ஒருமுறை வாயைத் திறந்துகொண்டே நின்றான். படிக்கிறான்! நான் எழுந்து போய் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று என் கையை நானே குலுக்கிக்கொண்டேன்.

6

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளி மதியம் இன்னும் நல்ல எழுத்துரு ஒன்றை இறக்கி அவனுக்குப் போட்டுத் தரலாம் என்று தோன்றியது. படியில் நின்று போனின் இணையத்தைக் கருவிக்குத் திறந்துவிட்டேன். அமைக்கும்போது இரண்டு கருவிகளையும் என் போனோடு பழக்கியிருந்தேன். இரண்டும் விழித்துக்கொண்டன. என் கருவியின் திரையில் ஒரு பெட்டி வந்தது:

*உங்கள் மற்றொரு கருவியில் 97 சதவீதம் வரை படித்துள்ளீர்கள். அங்கே செல்லவா?*

தொண்ணூற்றேழா? நானே இன்னும் நாற்பதில்தான் இருந்தேன். மூட நினைத்தேன். கையுறை போட்ட விரல் 'ஆம்' மேல் இறங்கியது.

என் கருவியையும் அவனுடையது போலவே அமைத்திருந்தேன்: கறுப்புத் திரை, பதினோரு வெள்ளைச் சொற்கள். அதில் இரண்டு, கொலையாளியின் பெயர்.

[பெயரை இங்கே எழுதமாட்டேன். நான் பட்டது போதும்.]

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆறாயிரம் குரோனர், நான்கு நாள் வாசலின், ஒரு முழு நாவல், எல்லாம் வீண். எதற்கு? சட்டம் பேசும் என் தம்பி நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போய், பெயரைப் பொறுக்கி, சீட்டில் எழுதி, போன வருட அவமானத்தைத் துடைத்துக்கொள்வதற்கு.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சனிக்கிழமை அவன் ஜெயிக்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். அடுத்த வருடம் இதே நாடகம். அதற்கடுத்த வருடம்— இதை எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது: நான் மேசையில் எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொல்கிறேன். இதில் நான் நியாயமானவளாக இருந்தேன், வேறு யாரும் சாப்பிடவில்லை.

மூன்றாவது: கருவி பனியில் விழுந்து தொலைந்து— சீ. இது சோம்பேறித்தனம்.

நடந்தது வேறு. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமையே நேராகத் தெற்குச் சுவருக்குப் போனேன். சிக்னேயும் இங்விலும் பனிச்சறுக்கில் போயிருந்தார்கள்.

8

"தொண்ணூத்தேழு சதவீதம்," என்றேன்.

அவன் தலையைத் திருப்பவில்லை. "அது சொல்லிடுமா?"

"சொல்லிடுச்சு. கொலையாளி பேரையும் சேத்துச் சொல்லிடுச்சு. எனக்கும் கதை போச்சு. வெக்கமா இல்ல உனக்கு? ஒரு காகிதத் துண்டுல ஜெயிக்கிறதுக்காகவா இதெல்லாம்?"

"கடைசி அத்தியாயம் எத்தனை திரை தெரியுமா?"

"எனக்கெதுக்கு அது?"

"ஐந்நூத்தி நாப்பது. எண்ணினேன். அதுக்கப்புறம் மிச்ச மூணு சதவீதம் வெறும் விளம்பரம். புதன் சாயங்காலத்துலேர்ந்து படிக்கிறேன். மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா சனிக்கிழமைக்குள்ள ரெண்டாம் அத்தியாயம் தாண்டாது. ஜெயிக்கணும்னுதான் கடைசிக்குப் போனேன், அது நெசம். பேரு முப்பதாவது திரையிலேயே வந்துடுச்சு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்."

"ஏன் நிறுத்தல?"

"நிறுத்த முடியல." அவன் கருவியை மடியில் கவிழ்த்து வைத்தான். "ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு முழு வாக்கியம் படிச்சேன், தூருன். யாரும் படிச்சுச் சொல்லல, நானே படிச்சேன். அப்புறம் இன்னொண்ணு. எப்படி நிறுத்துவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கைமேல் கை வைக்கலாமா என்று யோசித்தேன், எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வைத்தேன்.

"அந்தாளு கடைசியில அழுவுறான்," என்றான் ஹால்வார். "படகுத்துறையில உக்காந்துக்கிட்டு, வேணும்னு செய்யலன்னு சொல்லிச் சொல்லி அழுவுறான். எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு புரியல. கதை எழுதினவன் கடைசி வரைக்கும் 'அவள், அவள்'னே எழுதியிருக்கான்." தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். "யாரு செத்தது?"

"நீ படிக்கலியா?"

"எங்க படிச்சேன்? நீ சொல்லு. இல்ல, சொல்லாதே. மொதல்லேர்ந்து படி. சத்தமா படி. ஆனா கொழந்தைக்குப் படிக்கிற கொரல்ல படிச்சே, ஃபெயில்."

எழுத்தைச் சிறிதாக்கினேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சறுக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தோம்.

9

கதைக்கு இனி வேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை அவன் சீட்டில் என்ன எழுதினான்? அவனுக்குத் தெரிந்த பெயரையா? இல்லை, 'எனக்குக் கண் தெரியவில்லை' என்றா? எனக்குத் தெரியும், சீட்டைப் பிரித்தபோது நான் அங்கே இருந்தேன்.

ஆனால் நேற்று இந்தக் கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். வாசலின் இடத்தில் சிரித்தான். சிக்னேயின் ஆரஞ்சுச் சுளை வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மறுபடி கேட்டான்.

"அச்சடிக்கட்டும், பேரையும் மாத்தாதே," என்றான். "சீட்டை மட்டும் எழுதாதே."

"அது இல்லாம கதை முடியாதுடா. படிக்கிறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். அதை எழுதினே, நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் போனை எடுக்கமாட்டேன்."

சிக்னே சங்க உறுப்பினர். இந்த இதழ் தபாலில் அவள் கைக்குப் போகும். இதில் அவள் ஏதாவது புதிதாகத் தெரிந்துகொள்வாளா, இல்லை மேசையிலேயே தெரிந்துகொண்டாளா என்று உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் வேண்டுமானால் இந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. எந்த இ-ரீடர் வாங்கலாம் என்ற கேள்விக்கும் நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

தினமும் பதினோரு மணிக்குக் காப்பியோடு போன் செய்கிறேன். அவன் எடுக்கிறான். இரண்டாவது நாவலில் பதினாலாம் அத்தியாயம் வந்திருக்கிறோம்.