வடக்குக் குவியல்

அன்புச்செல்வனின் கால்கள் கரிக் குவியலுக்குள் இறங்கியபோது நந்தினி கீழே குடை பிடித்து நின்றிருந்தாள். மேலே அவன் திடீரென்று குட்டையானான். உட்கார்ந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு சத்தம் வந்தது.

அவனை ஏறச் சொன்னது அவள்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி இருந்தது அந்த மின் நிலையம். தனியார் கம்பெனி, தலைமையகம் மும்பை. எரிப்பதற்கு வாங்கிய பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் மலைபோலக் கொட்டி வைத்திருந்தார்கள். காலாண்டு முடிவில் சர்வேயர் அதை அளக்க வேண்டும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் நேரில் நின்று பார்க்க வேண்டும். தரையில் இருப்பதும் கணக்கில் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத வேண்டும். இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். இப்படிப் பல கன்ட்ரோல்கள் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று ஆண்டு முடிவில் மும்பையில் ஒருவர் கையெழுத்துப் போடுவார்.

நந்தினி இந்த வேலைக்கு மாற்றலாகி வந்த முதல் காலாண்டு அது. வடக்குக் குவியலின் உச்சியை யாரும் அளப்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. அடியை மட்டும் அளந்துவிட்டு, உச்சிக்குப் பழைய அளவையே போட்டு வந்தார்கள். சர்வேயர் பிரவீன்குமார் மறைக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான் மேடம். மலை எங்க ஓடிடப் போகுது?"

"ஏறி அளங்க. நான் நிக்கிறேன்."

"புகையுது மேடம்."

"எல்லாக் குவியலும்தான் புகையுது."

"பர்மிட் வேணும். சேஃப்டி ஆபீசர் லீவு."

மறுநாள் அறிக்கை போக வேண்டும். "நான் பேசிக்கிறேன்," என்றாள்.

கண்ணாடி பொருத்திய கம்பைக் குவியலின் மேல் ஊன்றிப் பிடிக்க ஒரு ஆள் தேவை. அந்த ஆள் அன்புச்செல்வன். வளையமாதேவிக்காரன், கான்ட்ராக்ட். ரப்பர் செருப்போடு வந்திருந்தான்.

"ஷூ எங்க?"

"வூட்ல காயுதுங்க. நேத்து மழையில நனைஞ்சுபோச்சு."

"மேல சுடுமா?"

"கெழங்குதான் சுடும் மேடம். போன மாசம் மரவள்ளிய பொதைச்சிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பாத்தா வெந்துகினு கெடக்குது. சாருக்குக் குடுக்கல. அந்தக் கோவத்துலதான் இன்னிக்கு என்னை மேல அனுப்புறாரு."

"வாய மூடிக்கிட்டு ஏறுடா," என்றார் பிரவீன்குமார்.

நந்தினியும் சிரித்தாள். தூறல் போட்டது. அவன் ஏறினான்.

குவியல் உள்ளுக்குள் பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. மேலே ஓடு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே தணலும் சாம்பலும். தண்ணீர் அடிக்கும் ஆட்கள் குழாயை வீசி அவனை இழுத்தார்கள். செருப்பு காலோடு ஒட்டியிருந்தது.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் அறுவைக்குக் கான்ட்ராக்டர் பணம் கட்டினார். அடுத்ததற்கு, வேலையில் நடந்த விபத்துதான் என்று கம்பெனியின் கடிதம் கேட்டார்கள். வேறு இடத்துக்கு மாற்றினால் தாங்க மாட்டான் என்றார் டாக்டர்.

நந்தினி போனபோது அவன் மனைவி பொற்கொடி வராந்தாவில் நின்றிருந்தாள்.

"கெழங்கு சுட ஏறினாருன்னு சொல்றாங்க," என்றாள் பொற்கொடி.

"யார் சொன்னது?"

"கான்ட்ராக்டரு. சர்வே சாரே எழுதிக் குடுத்துட்டாராம். வூட்ல ஏதுங்க கெழங்கு? பழைய சோத்த கட்டிகினு போனாரு. நீங்க அங்க இருந்தீங்களாமே. இன்னாதான் நடந்துச்சு?"

"நான்தான் ஏறச் சொன்னேன்."



"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றாள் பொற்கொடி. "அவங்ககிட்ட சொல்லுங்க."

நிதிப் பிரிவுத் தலைவர் சங்கரலிங்கம் கதவைச் சாத்தச் சொன்னார். நந்தினிக்கும் சேர்த்துக் காபி வரவழைத்தார்.

"அன்னைக்கு அளவெடுப்பே நடக்கல. மழை. தள்ளி வெச்சோம்," என்றார்.

"நடந்தது சார்."

"நடந்திருந்தா குவியல் உள்ள காலின்னு நமக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும். எவ்வளவு எரிஞ்சது, எப்ப இருந்து எரியுதுன்னு கேப்பாங்க. இல்லாத கரிய இத்தன நாளா இருக்குன்னு கணக்குல காட்டியிருக்கோம். போன வருஷம் போட்ட கையெழுத்துலாம் பொய்யாயிடும்."

"பொய்தானே சார்."

"சரி. அப்படியே எழுது. மும்பையில இருந்து வக்கீல் வருவான். விசாரணை முடியற வரைக்கும் ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்கு லெட்டர்ல கையெழுத்துப் போட மாட்டான். அந்தப் பையனோட காலு அதுவரைக்கும் காத்துட்டு இருக்குமா?"

அவள் காபியைத் தொடவில்லை.

"இன்னொரு வழி இருக்கு," என்றார். "போட்டோ எடுக்க நீதான் மேல அனுப்பினேன்னு சொல்லு. பர்மிட் வாங்கலன்னு சொல்லு. அது உண்மைதானே? அவன் வேலையா ஏறினான்னு ஆயிடும். லெட்டர் அன்னைக்கே போகும்."

"அளவெடுப்பு?"

"நடக்கல."

"நான்?"

"உன்ன வேலையில வெச்சுக்க முடியாதும்மா. பர்மிட் இல்லாம அனுப்பினவள எப்படி வெச்சுக்க முடியும்?"

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏறச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான், என்றாள். எதற்கு? போட்டோ எடுக்க. அன்று அளவெடுப்பு நடந்ததா?

ஜன்னலுக்கு வெளியே வடக்குக் குவியல் தெரிந்தது.

"இல்லை," என்றாள்.

கடிதம் அன்று மாலையே புதுச்சேரிக்குப் போனது. மும்பைக்கும் அறிக்கை போனது: மழை காரணமாக அளவெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது, முந்தைய அளவு ஏற்கப்பட்டது, குறைபாடு எதுவும் இல்லை. அன்புச்செல்வனுக்கு வலது கால் மிஞ்சியது. பொற்கொடி அவளுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வரச் சொன்னார்கள். கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிரவீன்குமார் கருவியை நிறுத்திக்கொண்டிருந்தார். தள்ளிவைத்த அளவெடுப்பு. பக்கத்தில் கணக்குப் பிரிவிலிருந்து புதிதாக ஒருவர் நின்றார். குவியலில் பள்ளம் விழுந்த இடத்தில் புதுக் கரியைக் கொட்டி மேவியிருந்தார்கள். அதன் வழியாகவும் புகை வந்தது.

வேறொரு ஆள் கம்போடு அடிவாரத்தில் நின்றான். காலில் ஷூ இருந்தது. ஏறட்டுமா என்று கையைக் காட்டினான்.

பிரவீன்குமார் வேலிப் பக்கம் பார்த்தார். நந்தினியைக் கண்டு, பார்வையை எடுத்துக்கொண்டார்.

"ஏறாத," என்று அவனிடம் கத்தினார். "அங்கயே நில்லு. மேலுக்குப் பழைய அளவே இருக்கு."

புதியவர் தலையசைத்துவிட்டுத் தன் போனில் குவியலைப் படம் எடுத்தார்.